கடைப்பிடியும் கன்வேயரும்

தியானத்தை உட்கார்ந்து செய்வதா, அன்றாட வேலைகளுக்குள்ளேயே செய்வதா, இரண்டுக்கும் எவ்வளவு எவ்வளவு இடம் தருவது என்ற கேள்வி இப்போது தமிழிலும் பரவலாகக் கேட்கப்படுகிறது. யோகா வகுப்புகள், மனவளக்கலை மன்றங்கள், விபஸ்ஸனா முகாம்களுக்குப் போய்வந்தவர்களின் பேச்சு, நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் என்று எங்கு கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான்: காலையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், மீதி நேரம் எதைச் செய்தாலும் கவனத்தோடு செய்யுங்கள், சமநிலை முக்கியம். பதிலில் குறை காண முடியாது. கோளாறு கேள்வியில் இருக்கிறது. ‘எவ்வளவு நேரம்’ என்று கேட்க வேண்டுமானால் நேரம் கேட்பவர் கையில் இருந்தாக வேண்டும். தன் நேரத்தைத் தானே பங்கு போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு தன்னிலையை இந்தச் சொல்லாடல் முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடுகிறது. அந்தத் தன்னிலை யார் என்று கேட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

சுங்குவார்சத்திரத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது சட்டென்று புரியும். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உள்ளே எல்லாரும் தூக்கம். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, துப்பட்டாவால் முகத்தை மூடி. இரவு ஷிப்டு முடிந்து திரும்புகிற பஸ்ஸிலும் இதே காட்சி. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்வைத்து, 1998இல் முதல் கார் வெளிவந்ததிலிருந்து, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று விரிந்துபோன பட்டை இது. கார், லாரி, மோட்டார்சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் எல்லாம் இங்கே ஆகின்றன. நோக்கியா 2006இல் வந்து 2014 நவம்பரில் மூடிக்கொண்டு போனது. விற்கப்படும் சரக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. வாங்கப்படும் சரக்கு மாறவில்லை. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு உடம்பின் கைவேகம், அந்தக் கைவேகத்தை எட்டு மணி நேரம் தவறாமல் நடத்திச்செல்லும் கவனம். கவனத்தைப் பற்றிப் பேசும் எந்தத் தத்துவமும் இந்த ஊருக்கு வந்துதான் பரீட்சை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

முதலில் ‘உட்கார்ந்து செய்வது’, ‘அன்றாடத்தில் செய்வது’ என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது? பாலி மொழியின் சதிபட்டான சுத்தத்தில் அமர்ந்து மூச்சைக் கவனிப்பதும் இருக்கிறது. நடப்பது, திரும்பிப் பார்ப்பது, கையை மடக்குவது, உண்பது, மலஜலம் கழிப்பது எல்லாவற்றையும் அறிந்து செய்வதும் அடுத்தடுத்தே வருகின்றன. இரண்டையும் தனித்தனியாக்கிச் சமன்செய்ய வேண்டிய தேவை அங்கே இல்லை. ஏனென்றால் அது பிக்குகளைப் பார்த்துச் சொல்லப்பட்டது. பிக்குவுக்கு முதலாளி கிடையாது. அவர் நாள் முழுவதும் ஒரே துணி.

பிரிவினை வருவது இல்லறத்தார் பெருமளவில் தியானத்துக்கு வரும்போதுதான். பர்மாவில் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் லெடி சயாதோ அதை விகாரையிலிருந்து வெளியே கொண்டுவந்தார். அந்த வரிசையில் வந்த ஊ பா கின் அந்நாட்டின் தலைமைக் கணக்காயர். தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் படித்த கோயங்கா மாண்டலேயில் பிறந்த தொழிலதிபர். 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். பத்து நாள் முகாம், பிறகு வீட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி. கணக்காயரும் தொழிலதிபரும் சேர்ந்து வகுத்த கணக்கு என்று கேலி செய்யலாம். ஆனால் நான் கேலி செய்யப்போவதில்லை. அந்தப் பத்து நாளில் நானும் ஒருமுறை உட்கார்ந்தவன். அதில் எனக்குக் கிடைத்தது பொய்யில்லை.

அமெரிக்காவில் 1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலிக்காரர்களுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். தினம் முக்கால் மணி நேரம் ‘முறைசார்ந்த’ பயிற்சி. பல் தேய்ப்பது, சாப்பிடுவது, மாடியேறுவது எல்லாம் ‘முறைசாராப்’ பயிற்சி. இன்று புழங்கும் இரட்டைப் பெயர் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான். மருத்துவமனையின் மொழி அது. மருந்தின் அளவைக் கேட்பதுபோலத் தியானத்தின் அளவைக் கேட்கும் பழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1974இல், பிரான்ஸில் நாடுகடந்து வாழ்ந்த வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் தன் நாட்டிலிருந்த சமூக சேவைப் பள்ளியின் இளைஞர்களுக்காக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பிற்பாடு அது உலகெங்கும் விற்ற புத்தகமானது. பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதற்காகவே கழுவுவது என்ற பிரபலமான யோசனை அதில்தான் வருகிறது. இதை இன்று வாசிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கடிதம் யாருக்குப் போனதோ அவர்கள் போரின் நடுவில் அகதிகளோடு வேலை செய்துகொண்டிருந்தவர்கள், தோழர்கள் கொல்லப்படுவதைப் பார்த்தவர்கள், உட்கார நேரமில்லாதவர்கள். அவர்களுக்கு மூச்சுவிட ஒரு வழி சொல்லப்பட்டது. அந்தக் கடிதத்தை உருவி எடுத்து, வேலைக்காரி வராத ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவி ஞானம் பெறுவதற்கான கையேடாக மாற்றியது நம் வர்க்கம்.

பாத்திரம் என்றதும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதை யார் தேய்க்கிறார்கள்? பத்துப் பாத்திரம் தேய்த்தே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாவிடம் போய், ‘தேய்க்கும்போது தேய்ப்பதை மட்டும் கவனியுங்கள்’ என்று சொல்லிப் பார்க்கட்டும். அவர் சிரிப்பார். கவனிக்காமல் தேய்த்தால் பிசுக்கு நிற்கும், பிசுக்கு நின்றால் மறுநாள் வேலை நிற்கும். அவருக்குக் கவனம் ஒரு ஆன்மிகக் கண்டுபிடிப்பு அல்ல, கூலியின் நிபந்தனை. சுத்தத்தில் சொல்லப்படும் மலஜலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சிலர் தம்முடையதை அறிந்து கழிக்கிறார்கள். அடுத்தவருடையதை அறிந்து அள்ளும்படி இந்தச் சமூகம் சிலரை வைத்திருக்கிறது.

*

இந்தப் பக்கத்தில் பிறந்த தியான முறை ஒன்றைத் தாண்டிப் போய்விட முடியாது. வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவர், பின்னால் துணி உற்பத்தி நடத்தியவர். 1958இல் அவர் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கத்தின் மனவளக்கலையில் தவம் ஒரு பாதி, அகத்தாய்வு மறு பாதி. எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது. உட்காரும் பயிற்சியையும் அன்றாடத்தையும் தமிழில் இவ்வளவு திட்டமாக இணைத்த முறை வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. கீழ்நடுத்தர வர்க்கத்துக்கும், ஓரளவு தொழிலாளர்களுக்கும் போய்ச்சேர்ந்த முறையும் அதுதான். சமஸ்கிருதப் பூச்சு இல்லாமல், சாதி கேட்காமல், பேச்சுத்தமிழுக்குப் பக்கத்தில் நின்று பேசியது. அதை மதிக்கிறேன்.

ஆனால் அந்த முறையில் தறியின் நிழல் இருக்கிறது. கைத்தறியில் வேகம் நெய்பவனின் காலில் இருக்கிறது. மிதியை அவன் மிதித்தால்தான் விழுது ஏறும். நாடாவை அவன் தள்ளினால்தான் ஓடும். இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போடுவான். நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பான். உழைப்பின் தாளம் உள்ளிருந்து வருவதால் அதை ஒழுங்கு செய்வதும் உள்வேலையாகத் தோன்றுகிறது. (நெசவாளியின் கடனும் முன்பணமும் வேறு கதை, அது சுதந்திரமான தொழில் என்று நான் சொல்லவில்லை.) கன்வேயரில் தாளம் வெளியிலிருந்து வருகிறது. நிமிடத்துக்கு எத்தனை பீஸ் என்பதை யாரோ ஒருவர் ஸ்டாப்வாட்ச் வைத்து முடிவு செய்திருக்கிறார். அங்கே ‘சினம் தவிர்த்தல்’ என்ற நல்ல சொல் சூப்பர்வைசரின் வாய்க்கு மிக எளிதாக வந்துசேரும். தறிக்காரர் தன்மேல் செலுத்திய ஒழுக்கம், லைனில் பிறர்மேல் செலுத்தப்படும் ஒழுங்காக மாறுகிறது.

2021 டிசம்பரில் நடந்ததை நினைத்துக்கொள்ளலாம். ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150க்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கூடத் தங்கியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சரியான பதில் கிடைக்காத நிலையில், ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். கவலையை ஒழிக்காமல், சினத்தைத் தவிர்க்காமல் உட்கார்ந்ததால்தான் விடுதிகளின் நிலைமை உலகத்துக்குத் தெரியவந்தது. ஆலை 2022 ஜனவரி வரை மூடியிருந்தது.

*

உட்காருவது என்பதையே எடுத்துக்கொள்வோம். தியானத்தின் முதல் நிபந்தனை அது. இந்த நாட்டில் உட்காருவது சட்டம் போட்டு வாங்க வேண்டிய பொருள். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த பெண்களுக்காகக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. தொழிற்சாலைக்கு இது 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது: நின்றுகொண்டு வேலை செய்பவருக்கு, வேலைக்கு நடுவில் ஓய்வுகொள்ள வாய்ப்புக் கிடைக்குமானால், உட்கார இடம் வேண்டும். வாய்ப்புக் கிடைக்குமானால்! அந்த வாய்ப்பு வராதபடி லைனை வடிவமைப்பதுதான் தொழிற்சாலைப் பொறியியல்.

‘சும்மா’ என்ற சொல்லைப் பாருங்கள். சித்தர் மரபிலும் தாயுமானவர் வழியிலும் சும்மா இருப்பது அடைவதற்கு அரிய நிலை. லைனில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை காதில் விழும் அதட்டல்: ‘ஏய், சும்மா நிக்காத!’ ஒரே சொல் ஒரு இடத்தில் முக்தி, இன்னொரு இடத்தில் குற்றம். இரண்டுக்கும் நடுவே சமநிலை காண்பது எப்படி என்று யாராவது எழுதினால் படிக்கத் தயார்.

முகாமின் நேர அட்டவணையும் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. நாலு மணிக்கு மணியோசை, நாலரைக்கு அமர்வு, ஆறரைக்குச் சிற்றுண்டி, இப்படி இரவு ஒன்பதரை வரை. பேச்சு கூடாது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கக் கூடாது. ஒழுங்குமுறை பற்றிய 1975ஆம் ஆண்டு நூலில் மிஷேல் ஃபூக்கோ, நேர அட்டவணை என்பதே துறவு மடங்களிலிருந்து பட்டறைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வந்த பழைய சொத்து என்று காட்டுகிறார். ஆகவே முகாமும் ஆலையும் ஒரே குடும்பம் என்று முடித்துவிடத் தோன்றும். தொண்ணூறுகளில் நாமெல்லாம் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தோம். எதைத் தொட்டாலும் கண்காணிப்பு, எங்கே பார்த்தாலும் பனோப்டிகான். இப்போது அந்த அவசரம் எனக்கு இல்லை. முகாமில் மணி அடிப்பது எனக்காக. பத்து நாள் எனக்குச் சோறு போட்டவர்கள் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போன யாரோ, கட்டணம் கிடையாது. ஆலையில் சங்கு ஊதுவது உற்பத்திக்காக. அட்டவணை ஒன்றாக இருப்பதால் அதிகாரமும் ஒன்றாகிவிடாது. பத்து நாளை எடுத்து வைக்க முடிந்தவருக்கே முகாமின் கதவு திறக்கும் என்பதுதான் இங்கே எனக்குப் பிரச்சினை. கோயங்கா மரபின் நிலையம் ஒன்று திருமுடிவாக்கத்தில் இருக்கிறது. பெயர் தம்ம சேது. சேது என்றால் பாலம். அதே திருமுடிவாக்கத்தில்தான் சிட்கோ தொழிற்பேட்டையும் இருக்கிறது. பத்து நாள் லீவு கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவர முடிகிற கான்ட்ராக்ட் தொழிலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

*

சரி, உட்கார முடியாது. அன்றாடத்தில் செய்யலாமே? முறைசாராப் பயிற்சிக்குத்தான் லீவு வேண்டாமே?

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, செய்யாறு பக்கம், இந்தப் பட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் மூன்று வருடமாக லைனில் நிற்கிறாள். (ஆலையின் பெயர் வேண்டாம்.) அவளிடம் இதைக் கேட்டேன். வேலை செய்யும்போது மனம் எங்கே இருக்கும்?

“மொத ரெண்டு மாசம் கையிலதான் சித்தப்பா இருந்துச்சு. தப்பாப் போயிடுமோன்னு பயம். அப்புறம் கை அது பாட்டுக்கு செய்யும். மனசு ஊருக்குப் போயிடும். அம்மா என்ன பண்ணுது, தம்பி பரீட்ச எழுதுனானா, ஒரு பாட்டு ஓடும், ஒரே பாட்டு அரை நாளு ஓடும். அந்த நேரம் லைன் லீடர் வந்து ‘எங்க பாத்துக்குனு இருக்க’ன்னு கத்துவாரு. கையப் பாத்தா கரெக்டா இருக்கும். அவருக்கு என்னான்னா, மூஞ்சி எங்கியோ இருக்குதேன்னு.”

கிராம்ஷி 1934இல் கைதியாக இருந்தபோது அமெரிக்கமயத்தையும் ஃபோர்டு முறையையும் பற்றி எழுதிய குறிப்புகளில் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார். டெய்லரின் விஞ்ஞான நிர்வாகம் தொழிலாளியைப் பழக்கப்பட்ட மனிதக் குரங்காக்கப் பார்க்கிறது. ஆனால் உடலசைவு முழுக்க எந்திரமயமாகிவிட்ட பிறகு அவன் மூளை செத்துப்போவதில்லை, விடுதலையாகிறது. நடக்கும்போது காலைப் பற்றி யோசிக்காமல் நடக்கிறோம், வேண்டியதை நினைத்துக்கொள்கிறோம், அது போல என்கிறார். முதலாளிகளுக்கு இது புரிந்திருக்கிறது என்றும், புரிந்ததால்தான் கவலைப்படுகிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கிராம்ஷிக்கு நடை விடுதலைக்கு உதாரணம், காலை மறந்துவிட முடிவதால். தியான மரபுக்கும் நடை விடுதலைக்கு உதாரணம்தான், காலை மறக்காமல் இருப்பதால். இரண்டு மரபுகளும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடம் இது.

லைன் லீடர் கேட்பது எது என்று யோசித்தால் விஷயம் தெளிவாகிறது. கை சரியாக இருக்கிறது, பீஸ் சரியாக இருக்கிறது. இருந்தும் முகம் எங்கோ இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு வேண்டியது கையோடு சேர்ந்த மனமும். சம்பளம் கைக்கு; கேட்பது மனம். ‘இந்தக் கணத்தில் இரு’ என்ற போதனை இங்கே வந்து இறங்கும்போது, நிர்வாகம் இதுவரை நுழைய முடியாத கடைசி அறையின் சாவியைக் கொண்டுவந்து கொடுக்கிறது. போருக்குப் பிந்திய ஜப்பானில் நிறுவன ஊழியர்களை ஜென் மடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பியதைப் பற்றி பிரையன் விக்டோரியா 1997இல் எழுதினார். அமெரிக்க நிறுவனங்களின் மனப்பயிற்சி வியாபாரத்தை ரொனால்ட் பர்சரும் டேவிட் லாயும் 2013இல் மக்டொனால்ட்ஸ் கடையோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்தார்கள். அவர்கள் பேசியது பெரும்பாலும் அலுவலக ஊழியர்களைப் பற்றி. லைனில் நிற்பவளுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும்.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. அந்தப் பெண்ணே அடுத்துச் சொன்னாள்: “மனசு ஊருக்குப் போறது எப்பவும் நல்லாருக்காது சித்தப்பா. குழு லோனு நெனப்பு வந்தா அன்னிக்கு பூரா அதான். தல வலிக்கும்.” அலையும் மனம் சுதந்திரமான மனம் என்று நானாக எழுதிக்கொள்வது என் வசதி. அலைந்து அது போகிற இடம் பல நாட்களில் கடன்காரன் வீடு. 2010 அக்டோபர் 31 அன்று நோக்கியா ஆலையில் இளம்பெண் தொழிலாளி ஒருவர் எந்திரத்தில் சிக்கி இறந்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அதற்குக் காரணம் கவனக்குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கவனம் பிசகினாலும் உயிர் போகாதபடி எந்திரத்தை வைத்திருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. என்றாலும் பிரஸ் முன்னால் நிற்பவரிடம் போய் ‘மனதை அலையவிடு தோழரே, அதுதான் எதிர்ப்பு’ என்று சொல்லும் கோட்பாட்டாளர் அவர் விரல்களுக்குப் பொறுப்பேற்பாரா? விரல் போனால் கோட்பாடு தைத்துக் கொடுக்காது.

ஆக, கவனம் வேண்டும். எதன்மேல் கவனம் என்பதே தகராறு. லைன் கேட்கும் கவனம் பீஸின்மேல்: திருகு எத்தனை சுற்று, சிப் நேராக உட்கார்ந்ததா. சுத்தம் கேட்கும் கவனத்தில் முதலிடம் உடம்புக்கு, அடுத்து வேதனைக்கு. இடுப்பு கடுக்கிறது, குதிகால் எரிகிறது, மூன்று மணி நேரமாகச் சிறுநீர் அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அறிவது. இந்த இரண்டாவது கவனத்தை ஒரு லைன் முழுக்க நிஜமாகவே கைக்கொண்டால் மத்தியானத்துக்குள் லைன் நின்றுவிடும். நிறுவனப் பயிற்சிகள் இதைத் தெரிந்துதான் நடுவில் ஒரு வாக்கியத்தைச் செருகுகின்றன: வலியைக் கவனியுங்கள், ஆனால் எதிர்வினை காட்டாதீர்கள். முகாமிலும் அசையாமல் ஒரு மணி நேரம் உட்காரும் அதிட்டான அமர்வு உண்டு. முழங்கால் கதறும். ஆனால் எழுந்துபோகலாம் என்பது எனக்குத் தெரியும், எழாமல் இருக்க முடிவு செய்தது நான். எழ முடியாதவரிடம் எழாமையைப் போதிப்பது தியானம் இல்லை. அதற்கு வேறு பெயர்.

*

தமிழ்ப் பௌத்தத்துக்குத் தொழிலாளி புதியவர் இல்லை என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அயோத்திதாசர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் மிக ஆழமாக வேர்விட்ட இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றில் இறங்கி ஏறியவர்கள் பௌத்தரானார்கள். 1914இல் அவர் மறைந்த பிறகு, 1920களில் ‘தமிழன்’ இதழ் மறுபடி வெளிவந்ததும் தங்கவயலிலிருந்துதான். அவர்களுடைய பௌத்தத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவு, பத்திரிகை, பள்ளிக்கூடம், பஞ்சசீலம், கலியாணமும் சாவும் பிராமணர் இல்லாமல் நடத்திக்கொள்வது எல்லாம் இருந்தது. கண்ணை மூடி உட்காருவது அதன் மையமாக இல்லை. சென்னையில் லட்சுமி நரசுவின் 1907ஆம் ஆண்டு நூலும் பௌத்தத்தைப் பகுத்தறிவின், ஒழுக்கத்தின் நெறியாகவே முன்வைத்தது. அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலிலும் (1957) தியானத்துக்கு இடம் சுருக்கம். தியானக்காரர்கள் இதைப் பெருங்குறையாகச் சொல்வதுண்டு. வேறுவிதமாகப் பார்க்கலாம். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை வைத்திருந்த அம்பேத்கர், ஆலை வேலை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48ஆகக் குறைந்த திருத்தத்துக்குப் பொறுப்பானவர். நேரத்தை மீட்பது அவருக்குத் தம்மத்துக்கு வெளியே இருந்த வேலை என்று நான் நம்பவில்லை.

சென்னையில் மகாபோதி சங்கத்தோடு நெருங்கியிருந்த சிங்காரவேலர் 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதரும் மசோதாவைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்து, அதே மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். காலையில் எத்தனை நிமிடம் உட்காருவது என்ற விவாதத்தில் இருந்தவர்கள் அந்தப் பத்து நாளில் இதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஒருநாளில் மிச்சமிருக்கும் மணிகள் சட்டமன்றத்தில் ஏலம் போய்க்கொண்டிருந்தபோது!

*

சொல் ஒன்று பாக்கியிருக்கிறது. பாலியில் ‘சதி’, சமஸ்கிருதத்தில் ‘ஸ்ம்ருதி’. பொருள்: நினைவு. ஆங்கிலத்தில் ரைஸ் டேவிட்ஸ் 1881இல் போட்ட மொழிபெயர்ப்பு வழியாக அது கவனமாக மாறி, கவனத்திலிருந்து ‘இந்தக் கணமாக’ மாறி, இப்போது நினைவுக்கு நேர் எதிர்ச்சொல்லாக வந்து நிற்கிறது. பௌத்தத்தின் எண்வழியில் இதைத் தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்று வைத்திருந்தார்கள், மயிலை சீனி. வேங்கடசாமியின் நூலில் காணலாம். கடைப்பிடி என்றால் கொண்டதை மறக்காமல் வைத்திருப்பது என்று பழைய உரைகாரர்கள் விளக்குவார்கள். இன்றைய ‘மனமுழுமை’, ‘விழிப்புணர்வு’ எதிலும் இந்த மறவாமை இல்லை.

திருப்பெரும்புதூரில் பிறந்தவர் ஒருவரும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, தியானம் என்பது எண்ணெய் ஒழுக்குப்போல அறாமல் தொடரும் நினைவு என்கிறார். அவரும் ஸ்ம்ருதி என்ற சொல்லைத்தான் எடுக்கிறார். அமர்வும் அன்றாடமும் என்ற இரண்டு கூறு அந்த உவமையில் கிடையாது, எண்ணெய்க்கு ஷிப்டு இல்லை. ஆனால் அந்தப் பக்தியோகத்துக்கு ‘அதிகாரி’ மேல்மூன்று வருணத்தார்தான், மற்றவர்களுக்குச் சரணாகதி. வேதாந்தத்தில் அதிகாரி என்றால் தகுதியுள்ளவர், ஆபீசில் அதிகாரி என்றால் மேலே இருப்பவர். முறைசார்ந்த பயிற்சிக்கு எப்போதுமே ஒரு அதிகாரி இருந்திருக்கிறார், இப்போது அவருக்கு லீவு சாங்ஷன் செய்யும் வேலை.

கடைப்பிடியை மறவாமையாக எடுத்துக்கொண்டால் லைனில் ஊரை நினைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் மனம் சிதறிய மனமாகத் தெரியவில்லை. அம்மாவை, தம்பியை, லோனை, போன மாதம் மயங்கி விழுந்த பக்கத்து லைன்காரியை அவள் மறக்காமல் வைத்திருக்கிறாள். ‘இந்தக் கணம்’ அவளிடம் இதையெல்லாம் கீழே வைக்கச் சொல்கிறது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் எச்சூரில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்; சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. பந்தல் பிரிக்கப்பட்ட பிறகும் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அந்த உட்காருதலை ஒரு பெரிய தியானமாக உவமித்து எழுதிவிட எனக்கும் ஆசைதான். வேண்டாம். அவர்கள் தியானம் செய்யவில்லை, வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு என் பத்து நாளைப் பற்றிச் சொன்னபோது ஆர்வமாகத்தான் கேட்டாள். பேசக் கூடாது என்றதும் சிரித்தாள். லைனிலும் அதேதானே என்றாள். கால் நீட்டக் கூடாது என்றதற்கு, “உக்காரவாவது உடுறாங்களே” என்றாள். காசு கிடையாது, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அவர்களே என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அதெல்லாம் ஃப்ரீ, சரி சித்தப்பா. லீவு? ஒரு நாள் போடலன்னாலே அட்டனன்ஸ் போனஸ் கட்டு. பத்து நாளு போட்டா எடத்துல வேற பொண்ண நிக்க வெச்சிடுவாங்க.” கொஞ்சம் பொறுத்து, “ஞாயித்துக்கெழம மட்டும் வந்தா சேத்துக்குவாங்களா?” என்று கேட்டாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். புதிதாக வருபவருக்குப் பத்து நாளும் இருந்தாக வேண்டும் என்பது எனக்கு முன்னமே தெரியும்.